அறுபத்திரண்டாவது டிகிரி

நாற்பத்தொன்று. கறுப்புப் பெட்டியின் நெற்றியில் சிவப்பு எண் எரிந்துகொண்டிருந்தது. மாப்புக் கட்டையைப் பிடித்தபடி இசக்கியம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மேகலா மேடம் போயிருந்தாள். “அக்கா, நான் போய் எக்ஸாமினரைக் கூட்டிட்டு வந்தர்றேன். நீங்க இந்த நம்பரை மட்டும் பாத்துக்குங்க. எழுபதைத் தாண்டுச்சுன்னா சிவப்பு பட்டனை அமுக்கிப்போடுங்க. வேற எதையும் தொட வேண்டாம்.” சரிங்க மேடம் என்றாள் இவள். அதற்குப் பின்னாலேயே இன்னொரு பேச்சும் கிளம்பி வந்ததுதான். வந்து தொண்டைக்குழியில் குந்திக்கொண்டது. அதற்குள் மேடத்தின் செருப்புச் சத்தம் வராந்தா திரும்பி, படி இறங்கிப் போய்விட்டது. கூப்பிட்டிருக்கலாம். மேடம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதானே. ஆனால் சத்தம் என்பது இசக்கிக்கு எப்போதும் அடுத்தவர்களுக்கு உள்ளது. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால்கூட உள்ளேன் டீச்சர் என்று பக்கத்துப் பிள்ளைதான் சொல்லும். ஏழாம் வகுப்போடு அவள் நின்றுபோனது டீச்சருக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நாற்பத்திரண்டு. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏறும் என்று மேடம் சொல்லியிருக்கிறாள். அறுபத்திரண்டுக்கு இன்னும் இருபது. இருபதை இரண்டால் பெருக்கினால் நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷத்தில் அந்தப் பேச்சைத் தொண்டையிலிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விழுங்கிவிட வேண்டும். விழுங்கினால் யாருக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தின் நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம், நாலு கால் நட்டு மேலே குறுக்குக் கம்பிகள் போட்டு, பந்தல்கால் ஊன்றின மாதிரி நிற்கிறது. அதன் வயிற்றுக்குள் ஆறடி நீளத்துக்கு பீம் என்கிற அந்த இரும்பு உத்தரம், இரண்டு முனையும் கவ்வியில் இறுக்கி, உடம்பெல்லாம் சூடேற்றும் பட்டை சுற்றி, குளிர்காய்ச்சல்காரனைப் போர்த்திப் படுக்க வைத்த மாதிரி. அடியில் ஒரு குட்டி இயந்திரம் அதை ஓயாமல் உதறிக்கொண்டிருக்கும். ம்ம்ம் என்று ஒரு சத்தம். சூடு ஏற ஏற அந்த ம்ம்ம் தடித்துக்கொண்டே போகும். ஒருநாள் டீ குடிக்கும்போது மேடமே வலிய உட்கார்ந்து சொன்னாள். “இரும்பு சூடானா நீளுமுங்கக்கா. ரெண்டு பக்கமும் நீள உடாம புடிச்சு வெச்சுட்டா, தன்னைத்தானே நெருக்கும். நெருக்க நெருக்க அதோட துடிப்பு மந்தமாயிரும். பாலத்துல, கூரைல, வெயில்ல நிக்கற இரும்புக்கெல்லாம் இதே பாடுதான். எந்தச் சூட்டுக்கு எவ்வளவு மந்தமாகும்னு முன்னாடியே கண்டுபுடிக்கறதுக்கு நான் கம்ப்யூட்டர்ல ஒரு பொய் பீம் செஞ்சு வெச்சிருக்கேன். அதுக்கும் பொய்யாச் சூடேத்துவேன். பொய் பீமும் நிஜ பீமும் ஒரே மாதிரி நடந்துக்கிட்டா நான் பாஸ்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆறு வயது மூத்தவள், இவளை அக்கா என்கிறாள். கூட்டிப் பெருக்குகிற பெண்களெல்லாம் இங்கே அக்காதான். ஒத்துப்போகாவிட்டால் என்ன மேடம் செய்வீர்கள் என்று அன்றைக்கே கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நாற்பத்து நாலு. மாரில் பால் கட்டுகிறது. மணி பத்தரை ஆகிவிட்டால் உடம்புக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் மாமியார் மடியில் பிள்ளை கனிஷ்கா விரலைச் சூப்ப ஆரம்பிக்கும் நேரம், இங்கே இவளுக்கு ரவிக்கை இறுகும். முந்தானையை இழுத்து மேலே போட்டுக்கொண்டாள். யாரும் இல்லாத கூடத்தில் யாருக்காக இழுக்கிறோம் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே இன்னொரு தரமும் இழுத்தாள்.

காலையில் வந்ததும் மேடம் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் திரைக்கு முன்னால் நிறுத்தினாளே, அப்போதே தெரிந்துபோயிற்று. அதற்கு முன் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. “வாங்கக்கா, உங்களுக்குத்தான் மொதல்ல காட்டோணும், அந்தச் சனிக்கிழமை காவல் இருந்தது நீங்கதானே!” நீலக் கோடு பொய் பீம், சிவப்புக் கோடு நிஜ பீம். “இங்க பாருங்க, அறுபத்திரண்டு டிகிரி வரைக்கும் ரெண்டும் ஒட்டிக்கிட்டே வருது. அதுக்கு மேல நிஜ பீம் மூச்சு உட ஆரம்பிக்குது பாருங்க. ரெண்டு நொடிக்கு ஒரு தடவை. பதினஞ்சு நிமிஷம். அப்பறம் நின்னுருச்சு. லாரி போச்சா, ஜெனரேட்டர் ஓடுச்சான்னு எல்லாம் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல. மூணு வாரமா மண்டையப் பிச்சுக்கிட்டு, கடைசில சூட்டுல கவ்வி இளகுதுன்னு கணக்குல சேத்தேன். பொய் பீமும் மூச்சு உட்டுருச்சுக்கா! இதை இதுக்கு முன்னாடி யாருமே பாத்ததில்ல.” இவள் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். அலை பெரிதாக எழும்பி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, சிறுத்து அடங்கப் போகிற நேரம் மறுபடி ஒரே எழும்பாக எழும்பி, மறுபடி சிறுத்து. கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது. வலது கை. அடங்குகிற தொட்டிலை ஓர் உந்து உந்துகிற கை. நடுவில் ஓர் இடத்தில் கோடு கன்னாபின்னாவென்று உதறியிருந்தது, அது பிள்ளை சிணுங்கிக் காலை உதைத்தது. அதை அடுத்துக் கொஞ்ச தூரம் ஒன்றுமே இல்லாமல் படுத்திருந்தது, அது தூக்கிப் பால் கொடுத்தது. மறுபடி அலை, மெதுவாக, சின்னதாக, அது தூங்கின பிற்பாடு சும்மா ஆட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை தூங்கின நேரம், முழித்த நேரம், எல்லாம் சிவப்பு மையில். “அந்த ஏத்த எறக்கத்துக்கு மட்டும் காரணம் புரியல, கேட்டாங்கன்னா ஹீட்டர் மேல பழியப் போட்ர வேண்டியதுதான்” என்று மேடம் சிரித்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஐந்தாவது வருஷம். இதோடு காலக்கெடு முடிகிறது, அப்புறம் பட்டம் கிடையாது என்று அவளேதான் ஒரு நாள் சொன்னாள். மாப்பை எடுத்துக்கொண்டு இசக்கி மூலைக்குப் போய், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தெட்டு. என்ன செய்திருக்க முடியும் அந்தச் சனிக்கிழமை? மாமியார் ஒரு சாவு வீட்டுக் கேதத்துக்குப் போய்விட்டாள், பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, வேலைக்குப் போகாமல் இருக்க வழியில்லை, ஏனென்றால் அந்த மாதம் ஏற்கெனவே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் போகவில்லை. முந்தானைக்குள் பொதிந்து பின் கேட் வழியாகக் கொண்டுவந்தாள். மேடம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நம்பரைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடினாள், இதே மாதிரிதான், இதே பட்டனைக் காட்டி. அதன் பிறகுதான் உபகரண அறையில் ஒளித்துவைத்திருந்த பிள்ளையை எடுத்தாள். தரையில் விட்டால் வயர் பக்கமே தவழ்கிறது. இடுப்பில் வைத்தால் கை பெட்டியை நோக்கி நீள்கிறது. சேலை பையில் இருந்தது. மேலே பார்த்தாள். ஃபேன் எட்டாது, ஜன்னல் கம்பி துரு. மஞ்சள் சட்டத்தின் குறுக்குக் கம்பி கைக்கு எட்டியது. பீமைத் தொடக்கூடாது என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். பீமை அவள் தொடவில்லை. பீமுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேலே இடம் இருந்தது. சட்டத்தைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? போர்டில் எழுதியிருக்கலாம், போர்டு இங்கிலீஷில் இருக்கிறது. ஆனால் போன். போன் வந்ததே. தொட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே வந்தது. ஆஸ்பத்திரி சத்தத்துக்கு நடுவில் மேடத்தின் குரல், “அக்கா, எல்லாம் சரியா இருக்குதுங்களா? ஒண்ணும் ஆகலையே?” ஒரு கையால் ஆட்டிக்கொண்டே, ஒண்ணும் ஆகலை மேடம் என்றாள். பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. தீ பிடிக்கவில்லை, புகை வரவில்லை, எண் எழுபதைத் தாண்டவில்லை, ஒன்றும் ஆகவில்லைதானே. அந்த ஒண்ணும் ஆகலையை வைத்துத்தான் மேடம் மூன்று வாரம் மண்டையைப் பிய்த்திருக்கிறாள். அதற்குள் சூடேற்றும் பட்டை ஒன்று கருகிப்போய், புதுசு முந்தாநாள்தான் வந்தது. இல்லாவிட்டால் மறுபடி ஓட்டிப் பார்த்திருப்பாள், அலை வராது, இத்தனை தூரம் வந்திருக்காது. இன்றைக்குத்தான் மறுபடி. பெரிய மனிதர்களுக்கு முன்னால்.

“ஏட்டி இசக்கி, இன்னுமா தொடைக்க?” ஞானசெல்வம் வாளியோடு வாசலில் நின்றாள். மாடிக் கழிவறைகளெல்லாம் அவள் பொறுப்பு, இந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெரியாமல் ஓர் ஈ பறக்காது. “என்னட்டி பேயறைஞ்ச மாதிரி நிக்க?”

“ஒண்ணுமில்லக்கா. நம்பர் பாக்கச் சொன்னாவ.”

“பாரு பாரு. செல்லத்துரை சார்வாள் வேற மேல வாராரு. ஒவ்வொரு ஜன்னல் கம்பியா வெரல வச்சுத் தடவித் தடவிப் பாத்துட்டு வாராரு, பொண்ணு பாக்க வந்த மாதிரி. கம்பி நல்லாருந்துச்சுன்னா தாலி கட்டிருவாரு போல.”

துப்புரவுப் பெண்களை வேலைக்கு வைப்பதும் நிறுத்துவதும் செல்லத்துரைதான். இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. “யக்கா, புஷ்பத்தை எதுக்கு வேலைய விட்டு நிறுத்துனாரு?”

“தெரியாத மாதிரி கேக்க? மகனைக் கூட்டியாந்து வகுப்பு பெஞ்சுல படுக்க வச்சிருந்தா. பச்ச மண்ணு, ஒரு மணி நேரம் தூங்குச்சு. அதுக்குத்தான். புள்ளையக் கொண்டாந்தா அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்னு அந்த மனுசன் வாயாலயே சொன்னாருல்ல.” ஞானசெல்வம் வாளியைக் கீழே வைத்தாள். “நீ எதுக்கு இப்பக் கேக்க?”

“சும்மாக்கா.”

“சும்மா கேக்கவ மூஞ்சியா இது? ஏதாச்சும்னா வாயத் தொறந்து சொல்லு. இல்லன்னா மூடிட்டாவது இரு. நடுவுல நிக்காத, அதுதான் ஆபத்து.” வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐம்பத்து நாலு. வீட்டுக்குப் போயிரலாம். போனால் என்ன இருக்கிறது. வீட்டுக்காரன் லாரியில் நாசிக்கில் இருக்கிறானா நாக்பூரில் இருக்கிறானா தெரியாது. இந்த வேலை கிடைத்த பிறகுதான் மாமியார் இவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள், அதுவரை ஏ என்பதுதான் பேர். நீலச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வருகிற இருபது நிமிஷம், அதில் யாருக்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லாமல் ஜன்னலைப் பார்க்கலாம், அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ம்ம்ம் தடிக்கிறது. ஐம்பத்தைந்து. மேடம் எழுதின புத்தகத்தில் மூச்சு என்று ஒரு பாடமே இருக்கிறதாம். அறுபத்திரண்டு வரும். எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள். சிவப்புக் கோடு சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும். அறுபத்து மூன்று. அறுபத்து நாலு. எக்ஸாமினர் பெரியவர் கடிகாரத்தைப் பார்ப்பார். எங்கம்மா உன் மூச்சு என்பார். மேடம் பட்டனைத் தட்டுவாள், வயரைப் பார்ப்பாள், வேர்க்கும், அவளுக்கு வேர்த்தால் மூக்கு நுனியில்தான் முதலில் வேர்க்கும். கள்ளத்தனமாக வரைந்து கொண்டுவந்தாள் என்று நினைப்பார்கள். யாருமே பாத்ததில்ல என்றாளே. அது வராது. வர வைக்க முடியாது. முடியாதா? இசக்கி சட்டத்தின் பக்கத்தில் போய் நின்றாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது, கால் போயிற்று. உள்ளங்கையைச் சட்டத்தின் கால் மேல் வைத்தாள். சில்லென்று இருந்தது. திரையில் சிவப்புக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக ஓர் உந்து. கோடு எழும்பி இறங்கியது. கையை வெடுக்கென்று எடுத்தாள். அப்போ நிஜம்தான், நான்தான், வேறு யாரும் இல்லை. அடுத்த நிமிஷமே இன்னொரு நினைப்பு வந்து அடித்தது. முடியும். அவர்கள் வரும்போது மாப்போடு இந்தக் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டால் போதும். மாப்பு வைத்திருக்கிற பெண்ணை யார் பார்க்கிறார்கள். இடுப்பைச் சாய்த்து, இரண்டு நொடிக்கு ஒன்று, இடுப்புக்குத் தெரியாத தாளமா அது. மேடம் சிரிப்பாள். பெரியவர் தலையாட்டுவார். செல்லத்துரைக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரும் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே போகலாம். இடுப்பைச் சாய்த்துக்கூடப் பார்த்தாள், ஒரு தரம். கோடு எழும்பியது. எவ்வளவு சுலபமாக எழும்புகிறது. ஐம்பத்தேழு. அப்புறம்? அடுத்த மாதம் இன்னொருத்தர் வந்து காட்டு என்பார். மறுபடி நிற்க வேண்டும். மேடம் பட்டம் வாங்கி வேறு ஊருக்குப் போவாள், அங்கே இன்னொரு பீமுக்குச் சூடேற்றுவாள், அங்கே யார் நிற்பது? அந்தக் கணக்கை நம்பி எங்கேயாவது ஒரு பாலத்தைக் கட்டினால், அந்தப் பாலத்துக்கு அடியிலும் இசக்கி போய் நின்று ஆட்டிக்கொண்டிருப்பாளா? பாலத்து மேலே பஸ் போகும். பஸ்ஸில் பிள்ளைகள் இருக்கும். இடுப்பைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து நின்றாள். ரவிக்கை நனைந்துவிட்டது. பால்தான். வேர்வையும் இருக்கலாம். தொண்டையில் குந்தியிருந்தது அப்படியே இருந்தது.

ஐம்பத்தொன்பதில் மேடம் ஓடி வந்தாள். தனியாக. “வந்துட்டாங்கக்கா, கீழ வைகுண்டம் சார் ரூம்ல டீ குடிச்சுட்டிருக்காங்க.” வைகுண்டம் சார் மேடத்துக்கு மேலே உள்ள பேராசிரியர். “சரியா இருக்குதுங்களா? ஒண்ணும் ஆகலையே?”

அதே வார்த்தை. அதே மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு.

“மேடம், அது மூச்சு இல்ல.”

“எது?”

“நீங்க காட்டுனது. ரெண்டு நொடிக்கு ஒண்ணு. அது எம்புள்ள மேடம். அன்னைக்கு வீட்ல ஆளில்ல, கொண்டாந்துட்டேன். இந்தக் கம்பில தொட்டில் கட்டுனேன். பீமைத் தொடல. ஆட்டிக்கிட்டே இருந்தேன். அது சிறுத்துச் சிறுத்துப் பெருசாகுதுல்ல, அது நான் உந்தி விட்டது. நடுவுல ஒண்ணுமில்லாம கெடக்குல்ல, அது பால் கொடுத்தது.” வந்தபின் நிற்கவில்லை, கொட்டிக்கொண்டே போயிற்று. “காலைல பாத்தப்பதான் மேடம் எனக்கே தெரிஞ்சுது.”

மேகலா குறுக்குக் கம்பியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்தாள், யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி. ஏசுவாள் என்று இசக்கி நின்றாள். ஏசினால் தேவலை. அறுபது.

“போன்ல கேட்டனே அக்கா.”

“ஆமா மேடம்.”

“ஒண்ணும் ஆகலைன்னீங்க.”

“ஆமா.”

மூன்று வாரம். ஒரு பாடம். மேகலா உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் தேய்த்தாள். அழுகிறாளா என்று பார்க்க இசக்கிக்குத் தைரியம் இல்லை, தரையைப் பார்த்தாள், நன்றாகத்தான் துடைத்திருந்தது. எண் மாறுவதற்குள் மேகலா கேட்டாள். “குழந்தை எத்தனை கிலோ?”

“என்னது மேடம்?”

“வெயிட்டுக்கா. எவ்வளவு இருக்கும்?”

“எட்டே முக்கால்.”

“சேலை எவ்வளவு தொங்குச்சு? கம்பிலேர்ந்து குழந்தை வரைக்கும்?”

இசக்கி கையைத் தூக்கிக் காட்டினாள், அங்கேயிருந்து இங்கே, தன் வயிறு வரை. மேகலா எழுந்து வந்து அதைச் சாணால் அளந்தாள். “ஒரு மீட்டர். ஒரு மீட்டர் தொங்குனா ரெண்டு நொடி. ஸ்கூல் பாடமுங்க அக்கா இது. ஸ்கூல் பாடம்.” சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. சுடிதார் துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இளகுகிற கவ்வியைக் கணக்கிலிருந்து எடுத்தாள். நீலக் கோடு பழையபடி நேரானது.

கதவு திறந்தது. வைகுண்டம் சார், அவருக்குப் பின்னால் வெள்ளை முடியும் கைத்தடியுமாகச் சென்னையிலிருந்து வந்த பெரியவர், அவருக்கும் பின்னால் தண்ணீர் பாட்டில் தட்டோடு செல்லத்துரை. “என்னம்மா, உன் பீம் மூச்சு விட்டாச்சா?” என்றார் வைகுண்டம் சார் கலகலப்பாக.

“இல்ல சார். அது பீமோட அலை இல்ல. வெளியிலேர்ந்து வந்த ஆட்டம். நான் தப்பா எடுத்துக்கிட்டேன். அந்தப் பாடத்தை நீக்கிடறேன். மத்ததெல்லாம் ஒத்துப்போகுது சார்.”

சாரின் முகம் சுருங்கியது. பெரியவர் மட்டும் சட்டத்துக்குப் பக்கத்தில் வந்து மேலும் கீழும் பார்த்தார். “வெளியிலேர்ந்துன்னா எதும்மா?”

செல்லத்துரை தட்டை மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மேகலாவின் கண் அவர் பக்கம் போய், உடனே திரைக்குத் திரும்பியதை இசக்கி பார்த்தாள்.

“தெரியல சார்.”

“தெரியாம எப்படி வெளியிலேர்ந்துன்னு சொல்றே? மூணு வாரம் முந்தி பீம்னே, இன்னைக்கு வெளியிலேங்கறே. நாளைக்கு என்ன சொல்வே? உன் மத்த கணக்கை மட்டும் நான் எப்படி நம்பறது?”

மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். மூக்கு நுனியில் வேர்த்திருந்தது. சொல்ல மாட்டாள். இசக்கிக்குப் புரிந்தது. எட்டே முக்கால் கிலோவையும் ஒரு மீட்டரையும் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து வருஷம் போனாலும் போகட்டும் என்று இந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். அங்கே செல்லத்துரை நிற்கிறார், அதனால். இசக்கி மாப்பைச் சுவரில் சாய்த்தாள். அது சரிந்து தரையில் விழுந்து சத்தம் போட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

“எம்புள்ளையோடதுங்க சார்,” என்றாள். “நான் அந்தக் கம்பில தொட்டில் கட்டுனேன்.”

பெரியவருக்குக் கேட்கவில்லை. காதருகே கையைக் குவித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். “என்னம்மா சொன்னே?”

செல்லத்துரை இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கி எச்சிலை விழுங்கினாள். தொண்டையில் ஒன்றும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து, வராந்தாவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, சொன்னாள்.